புது கேரவனில் கீசர் எரிகிறது, குழாயில் ஏன் வெதுவெதுப்பாகவே வருகிறது?

முதலில் பைபாஸ் வால்வைப் பாருங்கள். தண்ணீரைக் கீசர் தொட்டிக்குள் விடாமல் குறுக்குவழியில் அனுப்பும் திருகு அது. உறைபனிக் காலத்தில் தொட்டியைக் காலியாக வைக்கத்தான் இந்த ஏற்பாடு. புது வண்டிகளில் சில சமயம் திறந்தபடியே கைக்கு வரும். விளாவும் வாளியில் பச்சைத்தண்ணீர்க் குழாயை மூடாமல் விட்ட கதைதான்.

அரை மணி நேரம் சூடாக்கி, தொட்டியிலிருந்து வெளிவரும் குழாயைப் பட்டும் படாமலும் தொடுங்கள். அங்கே கொதித்து, சிங்க்கில் ஆறியிருந்தால் பைபாஸ்தான். கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் மூடிவிடும். வெளிப்புற ஷவரின் இரண்டு திருகுகளும் திறந்திருந்தாலும் இதே தொல்லை.

மின்சாரத்தில் போடுமுன் வெந்நீர்க் குழாய் காற்றுத் துப்பாமல் ஒழுகட்டும்; காலித் தொட்டியில் சூடேற்றும் கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும்.

ஊட்டிக் குளிருக்குக் கீசர் போதாது என்பார்கள். குளிரால் சூடேற நேரம்தான் கூடும்.