லீவர் அசையவில்லையா? எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய புது மோட்டார் சைக்கிள் டயரை வீட்டிலேயே மாட்ட முடியுமா, டயரை நெம்பும் லீவரில் ஏறி நின்றாலும் பழையது கழல மறுக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். உங்கள் பலத்தில் குறையில்லை.

ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். டயர் விளிம்புக்குள் இருப்பது எஃகுக் கம்பி, அது இழுபடாது. காற்றை முழுவதும் இறக்கி, இருபக்க விளிம்பையும் ரிம்மிலிருந்து விடுவித்த பிறகு, லீவர் போடும் இடத்துக்கு நேரெதிரே முழங்காலை ஊன்றி விளிம்பைப் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். அப்போதுதான் இந்தப் பக்கம் தளரும். சவர்க்கார நீரைத் தாராளமாகப் பூசுங்கள். எண்ணெய் வேண்டாம், இறப்பரைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடை நகர்ந்தால் போதும்.

முதல்முறை நான் அவசரத்தில் புது டியூபை லீவரால் கிள்ளிவிட்டேன். காற்றடித்த பிறகுதான் 'உஸ்' என்ற சத்தம் கேட்டது! டியூபில் சிறிது காற்று ஊதி, உருட்சியாக வைத்துக்கொண்டால் மடியாது. டயரின் கடைசிப் பகுதியை வால்வுப் பக்கத்தில் ஏற்றி முடியுங்கள்.

பக்கச்சுவரில் அம்புக்குறி இருந்தால் சில்லு சுழலும் திசையோடு பொருந்த வேண்டும். அங்கேயுள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு.

டியூப் இல்லாத டயரா? கைப்பம்பியால் விளிம்பு ரிம்மில் ஏறுவது அரிது. நானே சில்லைக் கழற்றி முச்சக்கரவண்டியில் வைத்து டயர் கடைக்குத்தான் கொண்டுபோகிறேன்.