பிராசஸர் சுடுகிறது, வழக்கு யார் மேல்?

கேள்வி: பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, ஓர் இரவு முழுவதும் கண்விழித்து நானே ஒரு கணினியைப் பூட்டினேன். இயக்கிய இரண்டே நிமிடத்தில் பிராசஸர் 100 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. வேலை நடுவில் இயந்திரம் தானாக அணைந்தும் போகிறது. பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரை மூன்று முறை கழற்றி, இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசிவிட்டேன். கூலரைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட் மதர்போர்டின் துளைகளில் நேராக இறங்காததால் சற்று இழுத்துப் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. பிராசஸரை விற்றவரோ, “பூட்டத் தெரியாதவர்கள் எதற்கு வாங்குகிறீர்கள்?” என்று நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினார். நான்கு மின்னஞ்சல்களுக்கும் உருப்படியான பதில் இல்லை. பிராசஸரின் விலை, மன உளைச்சலுக்கு இழப்பீடு, எழுத்து மூலம் மன்னிப்பு ஆகிய மூன்றையும் கேட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: உங்கள் 11 பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். அதில் ஏழு பக்கம் விற்பனையாளர் எப்படிப் பேசினார் என்பதற்கே போய்விட்டது. ஒருவருக்கு நாக்கு நீளம் என்பது வழக்குமூலம் ஆகாது. மன்னிப்புக் கோரிக்கையை இப்போதே அடித்துவிடுங்கள். செய்திகளில் அடிபட்ட 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர் விவகாரத்தின் நகல்களையும் இணைத்திருக்கிறீர்கள். 2024இல் அந்நிறுவனம் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது உண்மைதான். அது மின்னழுத்தம் மிகுந்து இயந்திரம் நிலைகுலைவது பற்றிய சிக்கல். உங்களுடையது 12ஆம் தலைமுறை. அந்தக் காகிதங்களைக் கோப்பில் வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சிரிக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வழக்கு முழுவதும் எட்டாம் பக்கத்தில், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: பிராக்கெட் துளைகளில் நேராக இறங்கவில்லை.

சூடு என்பது குறைபாடு அல்ல, அறிகுறி. பிராசஸர் வெப்பத்தை உண்டாக்கும். அதை அகற்றுவது கூலரின் வேலை. உங்கள் வகைப் பிராசஸருக்கு 100 டிகிரிதான் வரம்பு. அதைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் இயந்திரம் அணையும். தயாரிப்பாளரின் விவரத்தாளே இதைச் சொல்கிறது. ஆகவே “100 டிகிரி போகிறது” என்று நீங்கள் கூண்டில் சொன்னால், “சொன்னபடிதானே நடந்துகொள்கிறது?” என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி. அதற்கு உங்களிடம் பதில் இல்லை.

பிராக்கெட்டுக்கு வருவோம். உங்கள் மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம் எல்ஜிஏ 1700 என்ற வகைச் சாக்கெட். அதைச் சுற்றியுள்ள துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய 1200, 115எக்ஸ் வகைகளுக்கு 75. புதிய சாக்கெட்டில் பிராசஸர் உட்காரும் உயரமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு தாழ்வு. பழைய பிராக்கெட்டை இழுத்துத் திருகினால் கூலர் உட்கார்ந்தது போலத் தெரியும். அடித்தட்டு முழுமையாகப் படியாது. நடுவில் காற்று நிற்கும். இரண்டே நிமிடத்தில் உச்சத்தைத் தொடுவதற்கு இது போதும். காற்றோட்டக் குறை என்றால் வெப்பம் மெல்ல மெல்ல ஏறும். பிராசஸரே பழுது என்றால் பெரும்பாலும் இயந்திரம் எழுந்திருக்கவே செய்யாது, அல்லது வேறு விதமாகத் தடுமாறும்.

அப்படியானால் நீங்கள் வழக்குப் போட நினைப்பது தவறான ஆள் மேல். கூலரை விற்றவர் வேறொருவர் என்று இன்வாய்ஸ் சொல்கிறது. கூலர் பெட்டியைத் தேடி எடுங்கள். அதன் மேல் 1700 என்று அச்சிட்டிருந்து, உள்ளே அதற்கான பிராக்கெட் இல்லாமல் போயிருந்தால், சொன்ன பொருளைத் தரவில்லை என்ற சுத்தமான கோரிக்கை உங்களுக்கு உண்டு. அதுவும் கூலரின் விலை அளவுக்கு. பெட்டியில் 1700 என்ற எண்ணே இல்லையென்றால், பொருந்தாத பொருளைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். அங்கே வழக்கு முடிந்தது.

இனி, இது போன்ற விவகாரங்களில் என்னிடம் வருபவர்கள் விழுகிற குழியைச் சொல்கிறேன். பொருளைச் சரிசெய்யப் போய் சாட்சியத்தை அழித்துவிடுகிறார்கள்.

கூலரைத் தூக்கியதும் பிராசஸரின் மூடியில் பேஸ்ட் பதிந்திருக்கும் தடம் ஒன்று தெரியும். எங்கே அழுத்தம் பட்டதோ அங்கே மெல்லிய படலமாகவும், படாத இடத்தில் பூசியபடியே தடிமனாகவும் இருக்கும். அந்த ஒரு புகைப்படம் நான் வாதாடும் அரை மணி நேரத்தைவிட மதிப்பு மிக்கது. நீங்கள் மூன்று முறை கழற்றினீர்கள். மூன்று முறையும் ஆல்கஹால் போட்டுப் பளபளவென்று துடைத்தீர்கள். ஒரு படம்கூட இல்லை. நல்லவேளையாக, இப்போது கூலர் பூட்டியபடியே இருக்கிறது. நான்காவது தடம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதை நீங்கள் தொடாதீர்கள். உங்களுக்கும் விற்பவருக்கும் உறவில்லாத ஒரு பழுதுபார்ப்பவர் முன்னிலையில், பிராக்கெட் துளையில் எப்படி நிற்கிறது என்பதை முதலிலும், தூக்கியபின் தடத்தை இரண்டாவதாகவும் படம் எடுங்கள். பிறகு, சரியான பிராக்கெட் கொண்ட வேறொரு கூலரை அவரே மாட்டி, வெப்ப அளவைப் பதிவு செய்து, கையெழுத்திட்டுத் தரட்டும். சூடு இறங்கிவிட்டால் பிராசஸர் விற்றவர் வழக்கிலிருந்து வெளியே போகிறார். வருத்தப்படாதீர்கள், உங்கள் பிராசஸர் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

இதில் இன்னொரு ஆபத்து. பிராசஸரை அடையாளம் காட்டும் எண் அதன் மூடியிலேயே பொறித்திருக்கும். அதன் மேல்தான் பேஸ்ட். எண்ணைப் படம் எடுக்க ஒரு கட்சிக்காரர் தானே பிராசஸரை வெளியே எடுத்தார். திரும்ப வைக்கும்போது கை நழுவி, அதன் முனை சாக்கெட்டுக்குள் விழுந்தது. இந்த வகையில் ஊசிகள் இருப்பது மதர்போர்டின் பக்கம். முடி போல மெல்லியவை. வளைந்த ஊசிக்கு உத்தரவாதம் பொதுவாகக் கிடையாது. கூலருக்காகச் சண்டை போட வந்தவர் மதர்போர்டையும் இழந்து திரும்பினார். எண் பெட்டியின் ஒட்டுத்தாளிலும் இருக்கிறது, அது போதும்.

உங்கள் மின்னஞ்சல்களும் எனக்குக் கவலை தருகின்றன. இரண்டாவதில், “முதல் நாள் கூலரின் அடியிலிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டிவிட்டேன், மறுநாள்தான் கவனித்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் கேட்கவில்லையே! பிராசஸர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பதால் ஒருநாள் தாளோடு ஓடியது அதைக் கெடுத்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் நடுவருக்கு அந்த நுணுக்கம் வேண்டாம். “பூட்டியவரே தவறை ஒப்புக்கொள்கிறார்” என்ற ஒரே வரி போதும். பல நாடுகளின் சட்டம், வாங்கிய குறுகிய காலத்தில் தெரியும் குறை விற்றபோதே இருந்ததாக அனுமானித்துக்கொள்கிறது. அந்த அனுமானத்தை உங்கள் கையெழுத்தே உடைக்கிறது. அதற்காக அந்த அஞ்சலை அழிக்கவோ இல்லையென்று சாதிக்கவோ வேண்டாம். நகல் அவரிடம் இருக்கிறது. அதே போல, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், நினைவகத்தை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கியிருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள். இன்டெல் அதை, உத்தரவாதத்தைப் பாதிக்கக்கூடிய ஓவர்கிளாக்கிங் (நிர்ணயித்த வேகத்தை மீறி ஓட்டுவது) கணக்கில்தான் சேர்க்கிறது.

ஆகவே என் யோசனை: சமரசம். கூலரை விற்றவரிடம் சரியான பிராக்கெட்டையோ கூலரின் விலையையோ கேளுங்கள். பல கூலர் நிறுவனங்கள் புதிய சாக்கெட்டுக்கான பிராக்கெட்டை, வாங்கிய சீட்டைக் காட்டினால் இலவசமாகவே அனுப்பியிருக்கின்றன. விற்பனையாளர் மறுத்தால் அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். வழக்குச் செலவு கூலர் விலையைத் தாண்டிவிடும், வென்றாலும் நஷ்டம்.

பணமோ பொருளோ கொடுக்கும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். “இந்தக் கணினி தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அதில் இருக்கும். மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டு, ஆறு மாதம் கழித்து மதர்போர்டு போனபின் அந்தத் தாளோடு என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. “கணினி” என்பதை அடித்து “கூலர்” என்று எழுதி, அவரும் சுருக்கொப்பமிட்ட பிறகே கையெழுத்திடுங்கள். குறிப்பாக உங்கள் பிராசஸர் பெட்டியில்லாமல் தட்டிலிருந்து எடுத்து விற்றதாக இருந்தால், அதற்குத் தயாரிப்பாளரின் நேரடி உத்தரவாதம் கிடைக்காது, விற்றவர்தான் பொறுப்பு. நீங்கள் வழக்குப் போட நினைத்த அதே மனிதரிடம்தான் நாளை போய் நிற்க வேண்டியிருக்கும். ஐந்தாவது மின்னஞ்சலை அனுப்ப வேண்டாம்.