திறன், திறமை: எதை எழுதுவது?

வணக்கம். பயிற்சியால் வரும் ஆற்றலைத் திறன் என்பதா, திறமை என்பதா, இவற்றின் வேர் என்ன என்று கேட்டிருந்தீர்கள். அறம் அறன் என்றும், நலம் நலன் என்றும் வருவது போலத் திறம் என்பதே கடைப்போலியாக, அதாவது பொருள் மாறாமல் கடைசி எழுத்து மட்டும் மாறி, திறன் ஆயிற்று. அதற்கு வகை, கூறுபாடு என்ற பொருளும் உண்டு. ‘திறனறிந்து சொல்லுக சொல்லை’ என்னும் 644ஆம் குறளில் அது கேட்பவரின் தன்மையைக் குறிக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஸ்கில்’ என்ற சொல்லும், வேறுபாடு, பகுத்தறிதல் என்று பொருள்படும் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பண்டைய மொழி) சொல்லிலிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை. தட்டச்சு, மொழிபெயர்ப்பு எனக் குறிப்பிட்ட ஒன்றைப் பழகிப் பெற்றிருந்தால் திறன் என்றே எழுதுங்கள். ஒருவரின் பொதுவான வல்லமைக்குத் திறமை பொருந்தும். இயற்பியலில் வாட்டில் அளக்கப்படுவதும் திறன்தான் என்பதால், ஐயம் எழும் இடத்தில் ‘மொழித்திறன்’ என்பது போல அடைசேர்த்து எழுதுவது நல்லது.