டாக்கா போகும் பெரியப்பாவுக்கு ஊர் என்ன செய்யலாம்?

கேள்வி: என் பெரியப்பாவுக்கு 76 வயது. 1971 வங்கதேசப் போரில் கிழக்கு முனையில் இருந்தவர். டிசம்பர் 16 வெற்றி நாளுக்கு டாக்கா வரும்படி அழைப்பு வந்திருக்கிறது, துணைக்கு ஒருவர் போகலாம். சர்க்கரைக்கு ஊசி போடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. ஊரில் 40,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஃபிளெக்ஸ், மேளம், பாராட்டு விழா என்று இளைஞர்கள் பேசுகிறார்கள். அவரோ "அடுத்தவன் காசில் போகமாட்டேன்" என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: முதலில் அந்தக் காசின் பெயரை மாற்றுங்கள், தாயி. நன்கொடை என்றால் அவர் தொடமாட்டார். செய்முறை என்று சொல்லுங்கள். மொய் நோட்டுப் போட்டு, பெயர் எழுதி, தாம்பாளத்தில் வைத்துக் கொடுங்கள். ஊர் விசேஷங்களில் அவர் இத்தனை வருடம் எழுதியதுதானே திரும்பி வருகிறது.

ஃபிளெக்ஸ் வேண்டாம். நான் ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்தவன். சில வருடங்களுக்கு முன் என் அப்பாவுக்குத் துணையாக இதே விழாவுக்குப் போய் வந்தேன். காசு எங்கே தேவைப்படும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் போரில் உயிர்விட்டவர்களுக்கான சாவர் நினைவுச் சின்னத்தில் விடியும்போதே மலர் வளையம் வைப்பார்கள். டாக்காவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், இருட்டிலேயே வண்டி ஏற வேண்டும். பனியும் குளிரும் இருக்கும். மதுரை டிசம்பரை நினைத்து ஒரு சால்வையோடு கிளம்பிவிடக் கூடாது. கம்பளி உள்ளாடை, காலுறை, மடக்குகிற கைத்தடி எல்லாம் வாங்குங்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், கூடவே டாக்டர் சீட்டு. முன்னாள் ராணுவத்தாருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவக் கார்டை அங்கே நம்பிப் போகாதீர்கள். அதனால் பயணக் காப்பீடு எடுங்கள், பழைய வியாதி எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

துணைக்கு ஊர்ப் பெரியமனிதரை அனுப்பாதீர்கள். ராத்திரி இரண்டு தடவை எழுந்து கைபிடித்துக் கூட்டிப்போகிற பிள்ளை யாரோ, அவனை அனுப்புங்கள். அத்தனை நாளும் உங்கள் பெரியம்மாவோடு யார் படுத்துக்கொள்வது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், ராணுவ டிஸ்சார்ஜ் புக்கில் வேறு எழுத்து இருக்கும். டிக்கெட்டைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். அப்புறம் மெடல்கள். கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது பூர்வி ஸ்டார். பெட்டியடியில் ரிப்பன் நைந்து கிடக்கும். மதுரைப் புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களில் ஒருவர்தான் அப்பாவின் கோட்டில் வரிசை பிசகாமல் தைத்துக் கொடுத்தார்.

இன்னொன்று. அவரோடு போய்த் திரும்பாதவர் யார், அவர் வீடு எங்கே என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். அப்பாவுக்கு அப்படி ஒரு கூட்டாளி, பேரையூர்ப் பக்கம். உடல் ஊருக்கு வரவில்லை. கிளம்புவதற்கு முன் அப்பா அந்த வீட்டுக்குப் போனார். அந்த அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து கொடுத்தார். சாவரில் அந்த ஏழு அடுக்கு முக்கோணச் சுவர்களுக்கு முன்னால் நின்ற நேரமெல்லாம் அப்பாவின் வலது கை கோட்டுப் பையிலேயே இருந்தது. சல்யூட் அடிக்க மட்டும்தான் வெளியே வந்தது.

திரும்பி வந்த பிறகு நான்கு நாள் அவர் சரியாகப் பேசவில்லை. உங்கள் பெரியப்பாவும் அப்படி இருக்கலாம். உடனே மேடை போட்டு மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். பாராட்டு விழா பொங்கலுக்கு இருக்கட்டும். ராத்திரியில் அவர் பேச ஆரம்பித்தால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், போதும்.

மதுரை ஜங்ஷனில் இறங்கியதும் அப்பா வீட்டுக்கு வரவில்லை, பேரையூருக்கு வண்டி பிடிக்கச் சொன்னார். அந்த அம்மா முடிச்சை அவிழ்த்து ரூபாயைப் பார்த்தார். திரும்பவும் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்.