சாம்பல்கூடக் கிடைக்கவில்லை, அவர் எப்படி எழுந்திருப்பார்?

கேள்வி:

மதிப்புக்குரிய அக்காவுக்கு ஸ்தோத்திரம். 2021 ஜூலையில் என் வீட்டுக்காரர் கொரோனாவில் இறந்துபோனார். ஆக்சிஜன் சிலிண்டருக்காக மகன் விடியற்காலை மூன்று மணியிலிருந்து வரிசையில் நின்றான். அவன் திரும்பி வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. தொண்டு செய்கிற பிள்ளைகள் வந்து உடலைச் சுற்றி எடுத்துப் போனார்கள். மகனைச் சுடுகாட்டு வாசலோடு நிறுத்திவிட்டார்கள். போதகர் இல்லை, ஜெபம் இல்லை, சாம்பலும் கைக்கு வரவில்லை. அப்புறம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், "எரித்த உடம்புக்கு உயிர்த்தெழுதல் ஏது? எப்பாடு பட்டாவது புதைத்திருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணத்தில் 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்ற இடம் வரும்போது என் வாய் நின்றுபோகிறது.

மருமகள் பர்மியப் பெண், புத்த மதம், நல்ல பிள்ளை. தாத்தா எங்கேயாவது மறுபடி பிறந்திருப்பார் என்று பேரனிடம் சொல்லியிருக்கிறாள். அவனுக்கு எட்டு வயது. என் வீட்டுக்காரருக்கு இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும், மீதி அரிசி ஆலையில் போய்விட்டது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் இவன் சின்ன வயதில் தூங்குவான். "தாத்தா வேற பாப்பாவா பிறந்துட்டாரா, இல்ல திரும்பி வருவாரா? வந்தா அந்த விரல் முழுசா இருக்குமா?" என்று கேட்கிறான். நான் என்ன சொல்ல?

யாங்கோனிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத உட்காரவில்லை. உங்கள் சொந்தக்காரர் சொன்னதுதான் என் மனதில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. அதை முதலில் தூக்கிப் போடுவோம்.

எரித்த உடம்பு எழும்பாது என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. அதைச் சொன்னவர்கள் யார் தெரியுமா? விசுவாசிகளைக் கொன்றவர்கள். கி.பி. 177-இல், இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்கள் பலரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். உடல்களை ஆறு நாள் திறந்தவெளியில் போட்டு வைத்து, பிறகு எரித்து, சாம்பலைக்கூட விடாமல் ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இவர்கள் சாவுக்கு அஞ்சாததற்குக் காரணமே உயிர்த்தெழுதல் நம்பிக்கைதான், இனி எப்படி எழுந்திருக்கிறார்கள் பார்ப்போம் என்பது அவர்கள் பேச்சு. உயிர் தப்பிய சபையார் இதையெல்லாம் கடிதமாக எழுதி மற்ற சபைகளுக்கு அனுப்பினார்கள், அது இன்றும் இருக்கிறது. சாம்பல் ஆற்றோடு போனதால் அந்தச் சபை நம்பிக்கையை விட்டுவிடவில்லை. உங்கள் சொந்தக்காரர் தெரியாமல் அந்தக் கொலைகாரர்களின் பேச்சைப் பேசிவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் எரிப்பதைத் தடுத்து வைத்திருந்தது உண்மைதான். 1963-இல் அதுவும் அனுமதித்துவிட்டது.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன்பிறகு நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குக் கால்நடையாகக் கிளம்பினார்கள். தவுங்கூப் கணவாயில் வாந்திபேதி கண்டு எத்தனை பேர் வழியிலேயே விழுந்தார்கள்! யார் புதைத்தார்கள், யார் சிலுவை நட்டார்கள்? 2008-இல் நர்கிஸ் புயலில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் ஏறத்தாழ 1,38,000 பேர். டெல்டா ஆறுகளில் உடல்கள் மிதந்த நாட்களை நாம் மறக்கவில்லை. புதைத்தவர்களுக்காவது இடம் நிலைத்ததா? 1990களில் நகருக்குள் இருந்த பழைய கல்லறைகளை அப்புறப்படுத்தியபோது என் பாட்டியின் கல்லறையும் போய்விட்டது. இன்னொன்று. பர்மிய மொழியில் வேதாகமத்தை முழுதாகப் பெயர்த்துக் கொடுத்த ஜட்சன் ஐயர் 1850 ஏப்ரலில் கப்பலில் இறந்தார், அவர் உடலைக் கடலில்தான் இறக்கினார்கள். 1826-இல் இறந்த அவர் மனைவி ஆன் அம்மாவை மோல்மேன் பக்கம் ஆம்ஹர்ஸ்டில் அடக்கம் செய்தார்கள். ஜட்சன் ஐயருக்கோ கல்லறையே கிடையாது. ஜட்சன் ஐயர் எழுந்திருக்க மாட்டார் என்று இந்த நாட்டில் எந்தச் சபையாராவது சொல்வார்களா?

சரி, அப்படியானால் எது எழுந்திருக்கிறது?

இங்கேதான் நாம் பலரும் குழம்புகிறோம். உயிர்த்தெழுதல் என்றதும் செத்த உடம்புக்குள் மறுபடி மூச்சு வருவது என்று நினைக்கிறோம். செத்து, இயேசு எழுப்பிய லாசருவுக்கு நடந்தது அதுதான். கால் கைகள் கட்டப்பட்டு, முகத்தில் சீலை சுற்றியபடியே அவன் குகையை விட்டு வந்தான், கட்டை அவிழ்த்துவிட ஆள் வேண்டியிருந்தது. அவன் பிறகு மறுபடியும் இறந்தான். இயேசுவின் கல்லறையிலோ பேதுரு போய்ப் பார்த்தபோது சீலைகள் அங்கேயே கிடந்தன. தலையில் சுற்றியிருந்தது தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பிணத்தின் துணி அவருக்கு இனி வேண்டியிருக்கவில்லை. சாவுக்கு முந்தைய வாழ்வுக்கே திரும்பி வந்தான் லாசரு. ஆண்டவரோ சாவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

போனவர் ஆவியாகவும் வரவில்லை. பொரித்த மீனை வாங்கிச் சீஷர்கள் முன்னாலேயே சாப்பிட்டார். கரையில் கரிநெருப்பு மூட்டி, அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அதேசமயம் பூட்டிய கதவு அவரைத் தடுக்கவில்லை, எம்மாவுக்கு நடந்து போன இரண்டு பேருக்கு வழி நெடுக அவரை அடையாளம் தெரியவில்லை. உடம்பு இருக்கிறது, ஆனால் அழியாத உடம்பு. அவரே, ஆனால் புதியவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் உயிர்த்தெழுதல். ஒன்றை விட்டாலும் வேறு ஏதோ ஆகிவிடும்.

உங்கள் கேள்வியையே கொரிந்து பட்டணத்தில் சிலர் பவுலிடம் கேட்டார்கள்: மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எந்த உடம்போடு வருவார்கள்? அவர் விதையைக் காட்டினார். நான் பெகு பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள், அதனால் இந்த இடம் எனக்குக் கைக்கு நெருக்கமானது. அம்மா விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டு, எடுத்து வைக்கோல் மூடி வைப்பார். பிரித்தால் சூடாக ஒரு வாடை அடிக்கும், கெட்டுப்போன மாதிரி. நாற்றங்காலில் விதைத்த கொஞ்ச நாளில் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் பக்கம் பழைய உமி காலியாக ஒட்டிக்கொண்டிருக்கும். நசுக்கினால் உள்ளே ஒன்றும் இராது. அந்த உமியைப் பார்த்து 'நெல் போச்சே' என்று எந்த விவசாயியும் அழுததில்லை. உமியை வைத்துக்கொண்டா நாற்று வளர்கிறது? ஆனாலும் அந்த நெல்லின் நாற்றுதான் அது, வேறொன்றின் நாற்று இல்லை. விதைக்கிறவன் வருங்காலச் செடியை விதைப்பதில்லை, வெறும் மணியைத்தான் விதைக்கிறான், அதற்கு உடம்பு கொடுப்பவர் தேவன் என்கிறார் பவுல். உங்கள் வீட்டுக்காரரின் சாம்பல் யாரிடம் இருக்கிறது என்பதில் ஒன்றும் இல்லை. அவரையே கையில் வைத்திருப்பவர் யார் என்பதுதான் விஷயம்.

ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். வேங்கை மரம் சித்திரையில் பூப்பதைக் காட்டி, இதுதான் உயிர்த்தெழுதல் என்று பிரசங்கம் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்ணீர்த் திருவிழாவின்போது யாங்கோன் தெருவெல்லாம் மஞ்சளாகிற அழகை நானும் நின்று பார்ப்பவள்தான். ஆனால் அந்த மரம் சாகவில்லை, காத்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர் இறந்தார். சாவைச் சாவு என்றே சொல்ல வேண்டும். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் ஆண்டவர் அவன் கல்லறைக்குப் போகும்போது அழுதாரே! ஆகவே நீங்கள் அழுவதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கி.பி. 50 வாக்கில் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதியதும் இதே துக்கத்துக்குத்தான். ஆண்டவர் வருமுன் எங்கள் வீட்டார் செத்துப்போனார்களே, அவர்கள் கதி என்ன என்று அவர்கள் தவித்தார்கள். நம்பிக்கையில்லாதவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அவர் எழுதினார். துக்கமே கூடாது என்று எழுதவில்லை.

இயேசுவை 'முதற்பலன்' என்று பவுல் சொல்வதையும் நினைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் முதல் கதிரை அறுத்து நிலைப்படியில் கட்டித் தொங்கவிடுவோம். அந்த ஒரு கொத்தைப் பார்த்தாலே வயல் முழுக்க விளைந்துவிட்டது என்று வழியில் போகிறவருக்கும் தெரியும். ஈஸ்டர் நமக்கு அந்தக் கதிர்க்கொத்து.

இனி பேரனிடம் வருவோம். மருமகள் சொன்னதைப் பொய் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். நான் மன்றாடிக் கேட்கிறேன். ஏழாம் நாள் பொங்கிகளுக்கு, அதாவது புத்த பிக்குகளுக்கு, சோறு கொடுத்து, போனவருக்கு நல்ல கதி வேண்டுகிற குடும்பத்துப் பெண் அவள். மாமனார் எங்கேயோ இருக்கிறார் என்று அவள் நினைப்பதே அவர்மேல் வைத்த பாசத்தால். பர்மியர் வீடுகளில் குழந்தை பிறந்தால் உடம்பில் மச்சம், தழும்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, 'இன்னார்தான் வந்திருக்கிறார்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தேடலை நான் மதிக்கிறேன். யாரோ ஒரு குழந்தை வந்தால் போதாது, அவரே வர வேண்டும் என்ற ஏக்கம் அது. நம் விசுவாசம் அந்த ஏக்கத்துக்கு இன்னும் பெரிய பதில் சொல்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மறுபிறவியில் வேறு தாய், வேறு பெயர், வேறு வீடு, உங்களையும் நினைவிராது. உயிர்த்தெழுதலில் அவர் அவராகவே வருவார். அவனிடம் இப்படிச் சொல்லலாம்: "அம்மா சொன்னது அம்மாவோட பெரியவங்க சொல்லிக் கொடுத்தது. பாட்டி நம்புறது என்னன்னா, தாத்தா வேற யாராவும் ஆகல. ஆண்டவர் கிட்ட இருக்கார். ஒரு நாள் ஆண்டவர் எழுப்புவார், தாத்தா தாத்தாவாவே எழுந்திருப்பார்."

அந்த விரல்? இதைவிட நல்ல கேள்வியை எந்த வேதபாட வகுப்பிலும் நான் கேட்டதில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. மகிமையான உடம்பு கிடைத்த பிறகும் அது மறையவில்லை. தோமா அதைப் பார்த்துத்தான் 'என் ஆண்டவரே, என் தேவனே' என்றான். நம் மயிலாப்பூருக்கு வந்ததாகக் காலங்காலமாகச் சொல்கிற அதே தோமாதான். அந்தக் காயம் இனி வலிக்கவில்லை, இரத்தம் வரவில்லை, ஆனால் அடையாளமாக இருந்தது. விரல் முழுசா, பாதியா என்று வேதம் சொல்லாததை நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேரனிடம் இதைச் சொல்லுங்கள்: தாத்தாவைப் பார்த்ததும் உனக்குத் தெரியும், தாத்தாவுக்கும் உன்னைத் தெரியும்.

விசுவாசப் பிரமாணத்தில் வாய் நின்றுபோகிறது என்றீர்களே, நிற்கட்டும். அந்த வாரம் பக்கத்தில் நிற்கிறவர்கள் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்வார்கள். 'விசுவாசிக்கிறேன்' என்று ஒருமையில் சொன்னாலும் எல்லோரும் சேர்ந்துதானே சொல்கிறோம்!

கடைசியாக ஒன்று கேட்கிறேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் வீட்டுக்காரரின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. நம் அம்மாக்கள் காலத்துப் பழக்கம், எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் அப்பா பெயரைக் கடைசிவரை வாயால் சொன்னதில்லை. ஆனால் அந்த ஞாயிறு விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் அழுதுகொண்டு நின்றபோது, எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தாள். அவர் வேறு எந்த விளக்கமும் சொல்லவில்லை. 'மரியாளே' என்றார், அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேரனுக்குத் தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள், தமிழில் எழுதவும் கற்றுக் கொடுங்கள். எனக்கும் எழுதி அனுப்புங்கள். ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் இறந்துபோனவர்களின் பெயர்களை எங்கள் சபையில் சத்தமாக வாசிப்போம். சாம்பல் கிடைக்காதவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. 2021 ஜூலைக்குக் கீழே ஒரு வரி விட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா