ரோடின் ஆளில் அச்செடுத்தவரா?

கேள்வி: மகள் சாதாரண தரத்துக்குச் சித்திரம் பாடம் எடுக்கிறாள். சிற்பி ரோடின் ஓர் ஆளின் உடம்பிலேயே அச்செடுத்துச் சிலை வார்த்தவர் என்று யாரோ சொன்னார்களாம், அன்றிலிருந்து அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அது உண்மையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உண்மையில்லை. ஆனால் பழி பழையது, 1877இல் ரோடின் காதுபடவே சொன்னது.

'வெண்கலக் காலம்' என்ற அந்தச் சிலை, ஆள் உயரத்தில் ஆடையின்றி நிற்கும் ஓர் இளைஞன். பிரசல்ஸில் ஒரு பெல்ஜியப் படைவீரனை நிற்கவைத்து, முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று சுற்றிச்சுற்றிப் பார்த்து ஏறத்தாழ ஒன்றரை வருடம் அதிலேயே கிடந்தார். உடம்பு அவ்வளவு அச்சொட்டாக வந்ததுதான் வினையாகிவிட்டது, கையால் இப்படிச் செய்யவே முடியாது என்று பிரசல்ஸிலும் பரிஸிலும் பேசினார்கள். அந்த வீரனின் புகைப்படங்களைக் காட்டியும் எடுபடவில்லை. மனிதர் அப்புறம் என்ன செய்தார் தெரியுமா, அடுத்ததாகத் திருமுழுக்கு யோவானை ஆளைவிடப் பெரிதாகச் செய்தார்! ஆளைவிடப் பெரிய சிலைக்கு எந்த ஆளில் அச்செடுப்பது? 1880இல் பிரெஞ்சு அரசே 'வெண்கலக் கால'த்தை வாங்கியது. அதே வருடம் ஒரு பெரிய கதவு செய்யும் வேலையும் கொடுத்தது, எல்லோரும் அறிந்த 'சிந்தனையாளன்' முதலில் அந்த 'நரக வாசல்' கதவின் உச்சியில் உட்கார்ந்திருந்தவன்தான்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: பரிஸின் பெரிய கலைக்கல்லூரி நுழைவுப் பரீட்சையில் மூன்று தரம் சித்தியடையாதவர் அவர். பல வருடங்கள் கட்டடங்களுக்கு அலங்கார வேலை செய்துதான் பிழைத்தார்.

எனக்கு அவரை இன்னும் நெருக்கமாக்கியது வேறொரு விஷயம். இந்தியாவுக்கே வராத ரோடின், சென்னை அருங்காட்சியகத்து நடராசர் வெண்கலங்களின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, எழுபது வயதுக்கு மேல், 1913இல், உதடு, கை, இடுப்பு என்று ஒவ்வொன்றாக உருகி எழுதினார். அவர் இறந்து நாலு வருடம் கழித்து, 1921இல், அது பரிஸில் நூலாக வந்தபோது அதே நூலில் நம் கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்தும் இருந்தது.

பொலநறுவையில் 1900களில் தோண்டியெடுத்த நடராசர் நம் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிப் போங்கள், பென்சிலும் கொப்பியும் கையில் இருக்கட்டும். எல்லோரும் முன்னால் நின்றுதான் பார்ப்பார்கள், அவள் பக்கவாட்டில் நின்று, தூக்கிய காலிலிருந்து தொடங்கி வரையட்டும்.