வியன்னாவில் இரண்டு நாள்: கிழமை பார்த்துத் திட்டமிடுங்கள்

கேள்வி: அக்டோபரில் ஒரு ஞாயிறு நண்பகல் பிராக்கிலிருந்து ரயிலில் வியன்னா வருகிறோம். செவ்வாய் இரவு விமானம். முழங்கால் வலியுள்ள அம்மாவும் உடன் வருகிறார். ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் அரண்மனைகள், அருங்காட்சியகங்களில் எவற்றை, எந்த வரிசையில் பார்ப்பது?

பதில்: உங்கள் மூன்று நாளிலும் ஏதாவது ஒன்று மூடியிருக்கும். ஞாயிறன்று கடைகள் கிடையாது. கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு, கோடை தவிர, திங்கள் விடுமுறை. அரச கருவூலத்துக்குச் செவ்வாய் விடுமுறை. வரிசை மாறினால் முக்கியமான இரண்டையும் கோட்டைவிடுவீர்கள்.

ஆகவே ஞாயிறு மதியமே அருங்காட்சியகம். பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு, மத்திய ரயில் நிலைய வாசலில் டி எண் டிராம் ஏறினால் புர்க்ரிங் நிறுத்தம்வரை நேராகப் போகலாம். அருங்காட்சியகம் மாலை 6 வரைதான். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். முதல் மாடியில் ஓவியர் ப்ரூகலின் அறைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவருடைய ஓவியங்கள் இத்தனை ஒரே இடத்தில் உலகில் வேறெங்கும் இல்லை. 1563-இல் தீட்டிய பாபேல் கோபுரம் ஒன்றுக்கே அரை மணி போகும். கீழ்த்தளத்தில் சிற்பி செல்லினியின் தங்க உப்புக் கிண்ணம் இருக்கிறது. 2003-இல் களவுபோய் 2006-இல் மீட்கப்பட்டது அதுதான். இரவுச் சாப்பாட்டுக்குச் சாமான் வாங்க, ஞாயிறன்றும் திறந்திருக்கும் ரயில் நிலைய சூப்பர் மார்க்கெட்டுதான் வழி. வரிசை நீளமாக இருக்கும்.

திங்கள் காலை 9 மணிக்குக் கருவூலம். ஹோஃப்புர்க் அரண்மனைக்குள், சிவப்பு வண்ண சுவிஸ் வாயில் வழியாகப் போக வேண்டும். புனித ரோமப் பேரரசின் மணிமுடியும், 1602-இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காகச் செய்யப்பட்டு 1804-க்குப் பின் ஆஸ்திரியப் பேரரசின் முடியான இன்னொன்றும் இங்கே உள்ளன. அருங்காட்சியகத்துக்கும் கருவூலத்துக்கும் சேர்ந்த நுழைவுச்சீட்டு உண்டு; தனித்தனியாக வாங்காதீர்கள். அதே வளாகத்தில் உள்ள சிசி அருங்காட்சியகத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம். சிசி எனப்பட்ட பேரரசி எலிசபெத்தும் அவர் கணவர் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃபும் வாழ்ந்த அறைகளை மறுநாள் ஷோன்ப்ருன் அரண்மனையிலும் பார்ப்பீர்கள்.

ஹோஃப்புர்க்கிலிருந்து ஸ்டெஃபான் பேராலயம் சமதளத்தில் கால் மணி நடைக்குள். தெற்குக் கோபுரத்துக்கு 343 படிகள், லிஃப்ட் இல்லை. அம்மாவை வடக்குக் கோபுரத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே லிஃப்ட் உண்டு. பிறகு யூ1 மெட்ரோவில் ஒரே நிறுத்தம் ஷ்வேடன்பிளாட்ஸ். அங்கே ஆப்பெரா வழியாகப் போகும் 1-ஆம் எண் டிராமில் வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பல்கலைக்கழகம், நகர மன்றம், நாடாளுமன்றம் எல்லாம் அந்தப் பக்கம்தான். 1857-இல் பேரரசர் கோட்டைச் சுவரை இடிக்க உத்தரவிட்டதால் உருவான ரிங் எனும் வட்டச்சாலை இது, நடக்காமலே பார்த்துவிடலாம். வழியில் மொட்ஸார்ட் காலத்து உடையில் சீட்டு விற்பவர்கள் நீட்டுவது சுற்றுலாக் கச்சேரிக்கான சீட்டு. அரசு ஆப்பெராவோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய்க்கு ஷோன்ப்ருன். நுழைவு நேரத்தைக் குறித்துத்தான் சீட்டு தருவார்கள். காலையின் முதல் நேரத்தை இணையத்தில் முன்பே எடுங்கள். 10 மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் அறைகளை அடைத்துவிடும். மொத்தம் 1,441 அறைகள், திறந்திருப்பது ஏறத்தாழ 40. ஆறு வயது மொட்ஸார்ட் 1762-இல் வாசித்துக் காட்டிய அரண்மனை இது. தோட்டம் இலவசம், ஆனால் குளோரியட் மண்டபம்வரை மேடு. அம்மா கீழேயே பூப்பாத்திகளோரம் இருக்கலாம்.

போக்குவரத்தில் தவறுவது பெரும்பாலும் சீட்டில்தான். மெட்ரோவில் தடுப்புக் கதவு இல்லை. தாள் சீட்டை நீல நிறப் பெட்டியில் நுழைத்து நேரமுத்திரை குத்தாவிட்டால், சீட்டே இல்லாதவராகக் கருதி அபராதம் போடுவார்கள். 24 மணி நேரச் சீட்டின் கணக்கு முத்திரை விழுந்த நிமிடத்திலிருந்து ஓடும். விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் அந்தச் சீட்டு அங்கே செல்லாது. எல்லைக்கு அப்பாலுள்ள தூரத்துக்குக் கூடுதல் சீட்டு வாங்குங்கள். வீன் மிட்டே நிலையத்திலிருந்து எஸ்7 ரயில் சுமார் 25 நிமிடம். சி.ஏ.டி. விரைவு ரயில் 16 நிமிடத்தில் போய்விடும். மிச்சமாகும் ஒன்பது நிமிடத்துக்கு அந்தக் கூடுதல் கட்டணம் தண்டம்.